மேஸ்திரியைக் கேள்!

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துத் தோழர்களுக்குக் கரும்பு வெட்டு தெரியும். வெட்டுகிறவனுக்கும் ஆலைக்கும் நடுவே மேஸ்திரி. கூலி பாக்கி என்று ஆலை வாசலில் நின்றால், "மேஸ்திரியைக் கேள்" என்பார்கள். மேஸ்திரியைக் கேட்டால், "ஆலை தரட்டும், தருகிறேன்" என்பார். இதே ஆட்டத்தைத்தான் கைபேசித் தொழிலில் உலகப் பெருமுதலாளிகள் ஆடுகிறார்கள்!

ஐபோனில் பொறித்திருப்பது ஆப்பிளின் பெயர். ஸ்ரீபெரும்புதூரில் அதைப் பூட்டித் தருவதோ தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான். ஆள் பிடித்துத் தர ஏஜென்ஸி. விடுதிக்கும் சோற்றுக்கும் காண்டிராக்டர். லாபம் மேலே ஏறுகிறது. பொறுப்பு கீழே இறங்குகிறது.

2020 டிசம்பர் 12. கர்நாடகத்தின் நரசாபுராவில், ஆப்பிளுக்கு உற்பத்தி செய்துவந்த விஸ்ட்ரான் ஆலையில் சம்பளம் சரியாக வரவில்லை என்று காண்டிராக்ட் தொழிலாளர் குமுறினர். ஆலை நொறுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். கல்லெறிவது நம் வழியல்ல. ஆனால் சிலருக்கு அக்டோபர், நவம்பர் மாதச் சம்பளம் தாமதமானது உண்மை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது எப்போது? கண்ணாடி உடைந்த பிறகு!

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில். தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை நின்றது, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஆப்பிளே சொல்லிற்று. கெட்டது காண்டிராக்டரின் சோறு. நின்றது ஆப்பிளின் உற்பத்தி. அடுப்படிக்கும் உச்சிக்கும் சம்பந்தம் இல்லையென்று இனி யார் சொல்வது? ஒரு திருகு மாறினால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் சம்பளம் குறைந்தது மட்டும் தெரியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? காண்டிராக்டர் கூலி தராவிட்டால் ஆலை முதலாளி தரவேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் அந்தக் கை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. ஆர்டர் கொடுத்தவரை எட்டுவதில்லை. பிரான்ஸ் நாடு 2017-லேயே, பெரிய கம்பெனிகள் தமக்குச் சரக்கு செய்து தருவோரின் ஆலைகளில் நடப்பதையும் கண்காணிக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. நம்மால் முடியாதா?

"கேட்டால் தொழில் ஓடிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியது கூலி கேட்டதாலா? இல்லை. வரி வழக்கில் சிக்கிய அந்த ஆலை, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது, ஆலை செத்தது. உயிரும் சாவும் ஆர்டர் கொடுப்பவர் கையில் என்றால், பொறுப்பும் அவர் தலையில்தானே இருக்கவேண்டும்?

தோழர்களே! நம் ஊர்ப் பெண் வேலைக்கென்று பஸ் ஏறும்போது ஏஜென்ஸியின் பெயரோடு விட்டுவிடாதீர்கள். ஆலையின் பெயரையும், அது யாருக்குச் சரக்கு செய்கிறது என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளை "மேஸ்திரியைக் கேள்" என்றால், "உன்னைத்தான் கேட்கிறோம்" என்று சொல்ல அந்தச் சீட்டு வேண்டும்.