எட்டாம் மாதக் குழந்தை: குற்றவாளி யார்?

பெண் குழந்தை. எடை ஒன்றே முக்கால் கிலோ. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாய் கட்டிலில் படுத்து அழுகிறாள்.

வெளியே தாழ்வாரத்தில் விசாரணை நடக்கிறது!

"பப்பாளிப் பழம் தின்றாளே!" என்கிறார் மாமியார்.

"கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள்" என்கிறாள் நாத்தனார்.

"மாடிப்படி ஏறாதே என்றால் கேட்டால்தானே!" என்கிறார் பெரியம்மா.

பெண்ணின் தாயார் வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவள் ஆயிற்றே!

பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. குற்றவாளி, பெற்றவள்! இது நியாயமா?

பத்தில் ஒன்று

கர்ப்ப காலம் 40 வாரம். 37 வாரம் நிறையும் முன் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில்.

இத்தனை தாய்மார்களும் பப்பாளி தின்றார்களா?

இவற்றில் ஒரு பகுதி, டாக்டர்களே முன்கூட்டி நடத்தும் பிரசவம். தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஏறினால் வேறு வழி இல்லை. மற்றவை தானாகவே வலி கண்டோ, பனிக்குடம் உடைந்தோ நேர்பவை. பழி விழுவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

காரணம் ஒன்றல்ல

காய்ச்சல் ஒன்றுதான். ஆனால் கொசுவால் வருவது உண்டு. கெட்ட தண்ணீரால் வருவதும் உண்டு. குறைப்பிரசவமும் அப்படியே. வலி ஒன்று, அதன் வேர்கள் பல.

முதல் வேர், கிருமி. பிறப்புப் பாதை வழியாகக் கிருமிகள் மேலே ஏறிப் பனிக்குடத்தைத் தாக்கும். உடல் சும்மா இருக்குமா? எதிர்த்துப் போரிடும். அந்தப் போரில் சுரக்கும் சில பொருள்கள் கருப்பையின் வாயை இளக வைக்கும். கருப்பையைச் சுருங்க வைக்கும். வலி வந்துவிடும்! சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஆபத்து உண்டு. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே அது இருக்கக்கூடும். சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும்.

இரட்டைக் குழந்தை என்றால் கருப்பை அளவுக்கு மீறி விரிகிறது. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். சிலருக்கு நஞ்சுக்கொடியின் பின்னால் ரத்தம் கசிந்து, அதுவே வலியைத் தூண்டுகிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவது, மிகச் சிறு வயதில் கர்ப்பம் தரிப்பது, புகையிலை போடுவது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஊதும் பீடிப் புகையும் இதில் சேரும். தாழ்வாரத்து விசாரணையில் அவர் பெயரை யாரும் எடுப்பதே இல்லை!

பம்பாய் டாக்டரின் தையல்

சில பெண்களுக்குக் கருப்பையின் வாய் இயற்கையிலேயே பலம் குறைந்தது. குழந்தையின் பாரம் ஏற ஏற, வலி இல்லாமலே திறந்துகொள்ளும். இப்படிப் பிள்ளையை இழந்த பெண்களைத்தான் ஒரு காலத்தில் ராசி இல்லாதவள் என்று ஊர் ஒதுக்கியது.

பம்பாயில் இருந்த டாக்டர் ஷிரோத்கர் இதை ராசி என்று விட்டுவிடவில்லை. திறக்கும் வாயை ஒரு தையல் போட்டுக் கட்டினார். 1955-ம் ஆண்டு அதை வெளியிட்டார். உலகெங்கும் இன்றும் அது 'ஷிரோத்கர் தையல்' என்றே அழைக்கப்படுகிறது. எல்லாக் கர்ப்பிணிக்கும் அது தேவை இல்லை. ஸ்கேன் செய்து வாயின் நீளத்தை அளந்து, யாருக்குத் தையல், யாருக்கு மருந்து என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று டாக்டராலேயே திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. படித்த டாக்டருக்கே தெரியாதது, தாழ்வாரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கிரகணத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் சம்பந்தம் இல்லை. நன்றாகப் பழுத்த பப்பாளி இரண்டு துண்டு தின்றதால் வலி வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

"ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தைக்குப் பலம் கூடுகிறது. எட்டு, ஏழைவிட நல்லது!

நேரம்தான் மருந்து

37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலி நிற்காமல் இருந்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ, கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஊசி இருக்கிறது. நியூஸிலாந்து டாக்டர்கள் லிகின்ஸும் ஹௌவியும் 1972-ல் அதன் பலனை உலகுக்குக் காட்டினார்கள். ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று போக்கும் இரவு, அந்த ஊசிக்கு உரிய இரவு.

அடுத்த கர்ப்பத்தின்போது, முன்பு எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, வலி முதலில் வந்ததா, நீர் முதலில் உடைந்ததா என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். ஒரு முறை குறைமாதத்தில் பெற்றவளுக்கு மறுமுறையும் அந்த ஆபத்து அதிகம் என்பதால்தான் அந்தக் கேள்வி. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கி எறியாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தால், பதில் அதிலேயே இருக்கும். கூடப் போகும் மாமியார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.