குழாய் கழுவினால் என்ன?

உயர்தரப் பரீட்சை தலைக்கு மேல் நிற்க, ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் போன்ற இடங்களில் பிள்ளை ஆய்வுப் பயிற்சி பெறுவது நேர விரயம், சோதனைக்குழாய் கழுவத்தான் விடுவார்கள் என்கிறார்கள் சிலர். முதலில், கழுவுவதில் என்ன இழிவு? அழுக்குக் குழாயில் வந்த பெறுபேறு யாருக்கு உதவும்? அடுத்து, நேரம். சாதாரண தரம் எழுதிய பிள்ளையின் காத்திருப்பு மாதங்களைக் கண்டி டியூஷன் வகுப்புகள் விழுங்கும்போது எவரும் முணுமுணுப்பதில்லையே!

மூன்றாவதுதான் முக்கியம். பயற்றை வேர்முடிச்சிலுள்ள றைசோபியம் நைதரசனைப் பதிக்கும் என்று பாடக்குறிப்பு ஒரு வரியில் சொல்லிவிடும். முடிச்சை நறுக்கி, உள்ளே இளஞ்சிவப்பைக் கண்டு, பற்றீரியாவை வளர்க்கப்போய்த் தட்டு முழுக்கப் பங்கசு படர்ந்தால்? ஏன் என்று தேடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு இசட் புள்ளி கிடையாது. பயிற்சி வாய்ப்புகள் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கே போகும், தெல்தோட்டைத் தோட்டப் பிள்ளைக்கு எட்டாது என்பது நியாயமான ஆட்சேபம். அப்படியானால் பஸ் செலவையும் தமிழில் வழிகாட்டலையும் கேளுங்கள். கதவைச் சாத்தச் சொல்வானேன்?