நிமோனியாவும் ரத்தப் பரிசோதனை எண்களும்

2021 மே மாதத்தில் என் கைப்பேசிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பாதி, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள். சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், இன்டர்லூக்கின்-6 என வரிசையாக எண்கள். வரம்பைத் தாண்டியவை தடித்த எழுத்தில். நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் மருத்துவச் செய்திகளை எழுதுபவன் என்பதால், ‘பயப்பட வேண்டுமா?’ என்று கேட்டார்கள். கரோனா அலை ஓய்ந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆய்வகத்துக்கு ஓடும் பழக்கம் ஓயவில்லை.

இந்தப் பரிசோதனைகள் பயனற்றவை அல்ல. பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு டோசிலிசுமாப் என்ற மருந்தைச் சோதித்தபோது, ஆக்ஸிஜன் அளவு குறைந்து, சிஆர்பியும் லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தது. அவர்களிடையே இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. இங்கோ பலருக்கு முதல் நிபந்தனை மறந்துபோயிற்று. ஆக்ஸிஜன் இயல்பாக இருந்தவர்களுக்கும், சிஆர்பி கூடியிருக்கிறது என்பதற்காகவே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெத்தசோனால் பயனில்லை என்பதை அதே ஆய்வு 2020-லேயே காட்டியிருந்தது. கட்டுப்படாத சர்க்கரை நோயுடன் இந்த ஸ்டீராய்டும் சேர்ந்ததால் கருப்புப் பூஞ்சைக்குக் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம். தொற்று தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே அது உயரத் தொடங்கும்; உச்சத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு நாள்களாகும். முதல் நாள் அறிக்கை இயல்பாக இருப்பதை நம்பி முதியவரை வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. முதுமையில் நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வெறும் மனக்குழப்பமாகவும் வெளிப்படலாம். புரோகால்சிடோனினும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானால், அந்த எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி.

நோயின் கடுமையைக் கணிக்க 2003 முதல் பயன்பாட்டில் இருக்கும் ‘கர்ப்-65’ அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: மனக்குழப்பம், ரத்த யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம், தாழ்ந்த ரத்த அழுத்தம், 65 வயது. இவற்றில் யூரியா ஒன்றுதான் ரத்தப் பரிசோதனை; அதுவும் மலிவானது. அண்மையில் தந்தையின் அறிக்கையை அனுப்பிய நண்பரிடம், அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று கேட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை என்றார். ஆய்வகக் கட்டணமாகச் சில ஆயிரங்கள் செலவழித்த வீடு அது.

இந்த எண்களின் உண்மையான மதிப்பு மறுபரிசோதனையில் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்த நான்காம் நாளில் சிஆர்பி பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் சிக்கலும் இறப்பும் நேரும் வாய்ப்பு அதிகம். சீழ் கட்டியிருக்கிறதா, மருந்து பொருந்தவில்லையா என்று மருத்துவர் தேட வேண்டிய தருணம் அது. காய்ச்சல் வந்தவருக்கெல்லாம் ஒருமுறை எடுக்கப்படும் ‘பேக்கேஜ்’ இதைச் சொல்லாது. ஆகவே, மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றைத் தொகுப்பாக விற்பதை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்பேன். வட்ட மருத்துவமனைகளில் உள்நோயாளிகளுக்கு யூரியாவையும் சிஆர்பியையும் இலவசமாக, அன்றே முடிவு தெரியும்படி, தேவையானால் மீண்டும் எடுக்க வழிசெய்யவும் வேண்டும்.