விழா ஒரு நாள், காது ஆற ஆறு வாரம்!

தை பிறந்தால் போதும், காதணி விழாப் பத்திரிகைகள் வீடு தேடி வர ஆரம்பித்துவிடும். தாய்மாமன் சீர் எத்தனை தட்டு, கிடா எத்தனை, மொய் யார் எழுதுவது என்று ஆறு மாதம் முன்பிருந்தே கணக்குப் போடுகிறோம். குத்திய காதை மறுநாளிலிருந்து யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் எந்த வீட்டிலும் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

குழந்தையின் அழுகை அடங்கி, வாயில் சர்க்கரை போட்டவுடன் காது குத்து முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அது பச்சைப் புண். காதின் கீழ்ச்சதையில் போட்ட துளை ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அந்தப் புண்ணை நாம் என்ன பாடு படுத்துகிறோம், பாருங்களேன்! விழாவுக்கு வந்தவர்கள் எல்லாம், "எங்கடி தங்கம், காதைக் காட்டு" என்று ஆளுக்கொரு தரம் தோட்டைத் தொட்டுத் திருப்பிப் பார்ப்போம். மொய்ப் பணம் எண்ணிய கை, இலை எடுத்த கை, எல்லாம் அந்தக் காதில்தான். அப்புறம் வைத்தியம். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவு என்பார் ஒருவர். பவுடர் போடு, ஈரம் இழுத்துக்கும் என்பார் இன்னொருவர்.

என் நாத்தனார் பேத்திக்கு இப்படித்தான் ஆனது. மூன்றாவது வாரம் காது வீங்கி, பின்பக்கத் திருகு சதைக்குள்ளேயே புதைந்துவிட்டது. கழன்று விழக்கூடாதே என்று அதை இறுக்கி முடுக்கியிருந்தார்கள். எல்லாரும் "திருஷ்டி" என்று சொல்லிச் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, சதையைக் கீறித்தான் எடுத்தார். இரண்டு வயதுக் குழந்தை! ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் வராத வேதனை. புதிதாகக் குத்திய காது முதல் சில நாள் வீங்கத்தான் செய்யும். அந்த வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் திருக வேண்டும்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. குழந்தையின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "தொடாதீங்க அத்தை, கை கழுவிட்டு வாங்க" என்று முதல் நாளே சொன்னாள். "நாங்க எல்லாம் பிள்ளை பெத்து வளர்க்கலையா?" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டார்கள். மருமகள் சொன்னால் திமிர், மாமியார் சொன்னால் அனுபவம். நானும் மாமியார் ஸ்தானத்தில் இருப்பவள்தான். அதனால் சொல்கிறேன், அந்த ஆறு வாரமும் "யாரும் தொடக்கூடாது" என்று சொல்லும் பொறுப்பை வீட்டுப் பெரியவள் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பராமரிப்பு ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கால் டீஸ்பூன் உப்பு போட்டு ஆற விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான மெல்லிய துணியை அதில் நனைத்து, தினமும் இரண்டு வேளை முன்னும் பின்னும் ஒற்றி எடுத்து, ஈரம் போக விடுங்கள். அவ்வளவுதான். பஞ்சு என்றால் நூல் பிரிந்து தோட்டில் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், ஆறுகிற தோலை அவை காய்த்துவிடும். தோட்டைத் தினமும் திருப்பி விடச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. காது குத்துவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் பலர் இப்போது அது கூடாது என்கிறார்கள். காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டுப் புண் மறுபடி திறந்துகொள்ளும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். ஆறு, குளம், நீச்சல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சியோ விளக்குமாற்றுக் குச்சியோ சொருகுகிற பழக்கமும் இருக்கிறது. ஆறிப்போன காதில் என்னவோ செய்துகொள்ளுங்கள். பச்சைப் புண்ணில் வாசல் கூட்டிய குச்சியா?

குத்துவதற்கு முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்த பிறகு குத்துவது நல்லது. ரணஜன்னி, ஹெபடைடிஸ்-பி இரண்டுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. ஒரே ஊசியில் நாலு பிள்ளைகளுக்குக் குத்த விடாதீர்கள். "புது ஊசிதானே அண்ணே?" என்று ஆசாரியிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நகையும் முக்கியம். நிக்கல் கலந்த கவரிங், ஃபேன்சி கம்மல் சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டன. நாம் தங்கம்தானே போடுகிறோம் என்று இருந்துவிடவும் முடியாது. 2021-ல் ஹால்மார்க் முத்திரை கட்டாயமானபோது, இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். குழந்தைத் தோடு பலவும் அந்த எடைக்குள்தான் வரும். எனவே 916 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். திருகும் தங்கம்தானா என்று பாருங்கள்.

முதல் சில நாள் லேசான சிவப்பும், அரிப்பும், தெளிந்த நீர் கசிந்து பொருக்குத் தட்டுவதும் இயல்பு. நாளுக்கு நாள் வீக்கமும் சூடும் கூடி, நாற்றத்தோடு சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பயந்துபோய் நீங்களே தோட்டைக் கழற்றினால் துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். கழற்றுவதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

கல்லூரிக்குப் போகும் பெண்கள் இப்போது பியூட்டி பார்லரில் காதின் மேல் மடலிலும் துப்பாக்கியால் குத்திக்கொள்கிறார்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேல் மடல் குருத்தெலும்பு, அதற்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. துப்பாக்கி குருத்தை நசுக்கிக்கொண்டு போகும், ஊசிதான் மேல். அங்கே சீழ் பிடித்தால் குருத்து கரைந்து காதின் வடிவமே சுருங்கிவிடக்கூடும். மேல் மடல் சிவந்து வலித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

— ஒரு வாசகி, விருதுநகர்