கட்டையில் பாசி, குற்றம் விளக்கில்

1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பன்னிரண்டு கேலன் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்கள், ஒரு வாலிஸ்னேரியா செடி. செடி விடும் ஆக்சிஜனில் மீன் வாழும், மீனின் கழிவில் செடி வளரும் என்பது அவர் கணக்கு. ஆனால் பழைய இலைகள் அழுகின, பச்சைப் பாசி படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்துப் போட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்து தீர்த்தன.

அந்தக் கதையில் நம் ஊர் மீன்தொட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டது நத்தையை மட்டும்தான். ஏதாவது ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டால் பாசி போய்விடும் என்ற நம்பிக்கை இன்றும் அசையவில்லை. “கட்டையில கறுப்பா புசுபுசுன்னு வருது, என்ன மருந்து ஊத்தலாம்?” என்று கடையில் கேட்பவரிடம், “விளக்கு எத்தனை மணி நேரம் எரியுது?” என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர் அபூர்வம்.

டிரிஃப்ட்வுட் என்று விற்கப்படும் கட்டை புதிதாக நீருக்குள் போனதும் தண்ணீர் தேநீர் நிறமாகும். அது மரத்தின் டேனின். முதல் சில வாரங்களில் வெள்ளையாக வழவழப்பான படலமும் வரும். அது பாசியே அல்ல, பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தது. தானாகவே மறையும். இதற்குப் பயந்து நல்ல கட்டையைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு.

தொல்லை கொடுப்பது தாடிபோல் முளைக்கும் கரும்பாசிதான். கறுப்பாகத் தெரிந்தாலும் தாவரவியலில் அது சிவப்புப் பாசி வகை. சாகும்போது இளஞ்சிவப்பாக மாறித் தன் குலத்தைக் காட்டிவிடும். கட்டையை அது விரும்பக் காரணம் இருக்கிறது. இலை உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும். கட்டை அப்படியே கிடக்கும். சொரசொரப்பு, ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம், மேலே விளக்கு: வேர்கூட இல்லாத உயிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விளக்குதான் முதல் குற்றவாளி. வரவேற்பறை அழகுக்காகக் காலையில் போட்ட விளக்கு, வீட்டார் படுக்கப் போகும்போதுதான் அணைகிறது. நீர்ச்செடிகளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். ஒரு டைமர் வாங்கி மாட்டினால் பாதிச் சிக்கல் தீரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதன் அளவை நாளுக்கு நாள் மாற்றுவதும் இந்தப் பாசிக்கு விருந்து. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, மீன் உணவைக் குறைத்து, வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகுதான் கட்டையில் கை வைக்க வேண்டும்: வெளியே எடுத்து, பிரஷால் தேய்த்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, சில நிமிடங்கள் கழித்துக் கழுவி வைக்கலாம். ‘திரவ கார்பன்’ என்று விற்கப்படும் பல புட்டிகளில் இருப்பது மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு. அதை ஊற்றினால், வாரிங்டன் வளர்த்த அதே வாலிஸ்னேரியா கரைந்துபோகக்கூடும்.

பாசி தின்னும் உயிர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) 1980களில் பாசிக்காக அறிமுகப்படுத்திய சிற்றிறால் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் அவரது தொட்டிகளில் இறால் உதவியாள் மட்டுமே. அடர்த்தியான நடவும் ஓயாத நீர்மாற்றமும் இல்லாமல் அவை நிற்காது. லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் 2015-ல் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். அதுவும் மனிதக் கைகளால்தான் பராமரிக்கப்பட்டது.

இங்கோ ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விரல்நீளச் சக்கர் மீன் கைமாறுகிறது. அது ஓரடிக்கு மேல் வளரும், கரும்பாசியைத் தொடாது, போகப் போக மற்ற மீன்களின் தீனிக்கே வரும். இடம் போதாமல் போனால் நேரே ஏரிக்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, கரைகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் அந்நிய மீன் அதுதான். விற்கும் தொட்டியின் மேல் அதன் முழு வளர்ச்சி எத்தனை அங்குலம் என்று எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்கினால், வாங்க வந்தவர்களில் பலர் டைமர் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்குவார்கள்.