விளங்காது என்று யார் சொன்னது?



இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' பற்றிப் பேச்செடுத்தால் நம்ம பக்கத்தில் இரண்டு கருத்துதான் வரும். "பாட்டே இல்ல, வெறும் வயலின்" என்பது ஒன்று. "அது படிச்ச ஆக்களுக்கு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது" என்பது மற்றது. முதலாவது அவரவர் ரசனை. இரண்டாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1986இல் வந்த அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பித்தவர், பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன பையன்தான்.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வெளிவந்தது. படத்தில் பாட்டே கிடையாது. பின்னணியில் ஒலிப்பது இந்த இசைதான். சென்னையில் சொந்த வீடு கட்டப் படாதபாடு படும் சுதா என்ற பெண்ணின் கதை அது. லயத்துக் காம்பராவில் பிறந்து, 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி எப்போ கிடைக்கும் என்று பார்த்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கா அது விளங்காது?

"உயர்தரத்துக்குக் கணிதம், விஞ்ஞானம் சரிவராது, கலைப்பிரிவு போதும்" என்று சொல்வதும் இதே வாய்தான். பிள்ளை தொட்டுப் பார்க்குமுன்பே நாம் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அடுத்த போயா லீவுக்கு 'வீடு' படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். பிறகு இசையை மட்டும் கேட்க விடுங்கள். பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் சரி, அது பிள்ளையின் முடிவு. விளங்காது என்று மட்டும் நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.