விகிதம் சொல்லாதது மாதிரியன்று

அறிபுனை விண்வெளி நிலையம் ஒன்றின் சிறு மாதிரியை மேசைக்கு வாங்க விழையும் நண்பர்கள், "எது பெரியது? எதில் விளக்கெரியும்?" என்றே கேட்கின்றனர். கேள்வியே பிழை. மாதிரி என்பது ஒரு கருதுகோள். அளவு விகிதமே அதன் உயிர்.

'பாபிலோன் 5' நிலையத்தின் நீளம் 5 மைல், ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அதை 80 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் விகிதம் 1:10,000. அதில் மனிதனின் உயரம் 0.2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இக்கணக்கைச் சொல்லாத பெட்டிக்குள் இருப்பது வெறும் அலங்காரப் பொருள்.

'டீப் ஸ்பேஸ் நைன்' நிலையத்தின் வளைகரங்கள் அழகியவை, மறுக்கவில்லை. ஆயினும் அங்கே மனிதர் தரையில் நிற்பதற்கான காரணம் வடிவத்தில் இல்லை. 1968இல் வெளிவந்த குப்ரிக்கின் '2001' படத்து இரட்டைச் சக்கரமோ தன் சுழற்சியாலேயே எடையுணர்வைத் தருகிறது. 1952இல் வெர்னர் ஃபான் பிரௌன் முன்வைத்த சக்கர நிலையத்தின் மரபில் வந்தது அது. அதன் ஒரு சக்கரம் இன்னும் கட்டி முடிக்கப்படாமல் எலும்புக்கூடாய் நிற்கிறது.

"குறையாய் நிற்பதற்கா உதவித்தொகையைச் செலவிடுவது?" என்பர். ஆம், அதற்கே. தான் கட்டப்படும் முறையை மறைக்காத மாதிரியே ஆய்வாளர் மேசைக்குத் தகும். பளபளப்பை விற்போர் விற்கட்டும். நாம் விகிதத்தைக் கேட்டு வாங்குவோம்.